மோகனசுந்தரத்தின் இடைக்காலம்

மாநில நவசங்கீதப் பைத்ருகப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று உண்டு. நவசங்கீதம் என்றால் கிடாரும் டிரம்மும் போட்டு ஆட்டம் ஆடுகிற பாட்டு. பைத்ருகம் என்றால் பாட்டன் வழி வந்த சொத்து. கிடார் அடித்தவர்களெல்லாம் பாட்டனாகிவிட்ட பிறகு இப்படியொரு வாரியம் வந்ததில் பிழை சொல்ல முடியாது. பெயர்தான் கொஞ்சம் நீளம். கேரள எல்லையில் தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறிய கையோடு சொல்ல ஆரம்பித்தால், முடிப்பதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும். அதனால் அந்தப் பக்கத்து ஜனங்கள் 'பாட்டு போர்டு' என்று சுருக்கிக்கொண்டார்கள்.

பாட்டு போர்டுக்கும் மோகனசுந்தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல்தான் இருந்தது. அவர் உண்டு, அவருடைய தென்னந்தோப்பு உண்டு, தோப்பைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்த மனைவி கோமதி உண்டு என்று காலம் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலை பேப்பரில் ஒரு செய்தி வந்தது. புகழ்பெற்ற 'சுரம்' ராக் குழுவின் ஆல்பங்கள் அனைத்தையும் பைத்ருகமாக அறிவிக்கப்போகிறார்களாம். கீழே ஒன்றிலிருந்து ஏழு வரை பட்டியல் போட்டிருந்தார்கள். மோகனசுந்தரம் விரலை வைத்து எண்ணினார். மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் நான்காவது உட்கார்ந்திருந்தது. எட்டாவது, ஏழாவதாகியிருந்தது. எண்கள் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

சுரம் என்றால் மலையாளத்தில் மலைக்கணவாய். நம் ஆட்களுக்கு அது காய்ச்சல். குழு தொடங்கி முதல் நோட்டீஸ் ஒட்டியபோது, கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் இரண்டு பேர் இலவச மாத்திரை முகாம் என்று நினைத்து வந்து நின்றதாகக் கேள்வி. கிடார்காரர் ராஜசேகர் தலைவர். ஜோஸ் பாடகர். இரண்டு ஆல்பம் போட்ட பிறகு ஜோஸ் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். தொண்டையில்லாத குழுவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ராஜசேகர் அலைந்துகொண்டிருந்தபோதுதான், மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் மைக்கைப் பிடித்திருந்த இருபத்தேழு வயது மோகனசுந்தரம் அவர் காதில் விழுந்தார்.

பதினாலு மாதம். மோகனசுந்தரத்தின் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில்தான் பயிற்சி, அங்கேயேதான் ஒலிப்பதிவு. ஒன்பது பாட்டு. எல்லாம் மோகனசுந்தரமே எழுதிப் பாடியது. ஆல்பத்துக்குப் பெயர் 'செக்போஸ்ட்'. அதுவரை இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்த குழு, அந்த ஒரு கேசட்டில்தான் முதல்முறையாக ஊர்ப் பேச்சில் வாய் திறந்தது. வெளிவந்து இரண்டே மாதத்தில் மஸ்கட் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜோஸ் திரும்பி வந்தார். மோகனசுந்தரம் மைக்கைக் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அதில் அவருக்கு வருத்தமில்லை. ஜோஸின் குரல் மலை. தன் குரல் வரப்பு என்பது அவருக்கே தெரியும். அடுத்த ஆல்பத்தில் சுரம் கேரளத்தையே பிடித்து ஆட்டியது. 'செக்போஸ்ட்'டை மட்டும் கொழிஞ்சாம்பாறைச் சுற்றுவட்டாரத்து டிராக்டர் டிரைவர்கள் நாலைந்து வருடம் கேட்டார்கள். அப்புறம் டிராக்டர்களும் மாறிவிட்டன.

அதிலுள்ள ஐந்தாவது பாட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் உச்சிவெயிலில் பயிற்சி நடக்கும்போது, ஆம்ப்ளிஃபையரையும் கிணற்று மோட்டாரையும் ஒரே லைனில் போட்டுவிட்டார்கள். மோட்டார் காயில் புகைந்துபோனது. கடலைக்காய்ச் செடி வாடிக்கிடந்த நேரம். கல்யாணமாகி எட்டு மாதமே ஆன கோமதி, கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று மோகனசுந்தரம் பாடினார்:

'கோமதீ, கதவைத் தொறயேன்,
மோட்டாரு நின்னுபோச்சு, மனசு நிக்கலையே.'

நாலாவது தடவை பாடும்போது கதவு திறந்தது. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராஜசேகர், "மாப்ளே, இத விட்றாத, இதையே போட்றலாம்" என்றார். அப்படிப் பிறந்த பாட்டு அது.

இப்போது பட்டியலில் அந்தப் பாட்டு இல்லை, அந்தக் கேசட் இல்லை, அந்தப் பதினாலு மாதமே இல்லை. மோகனசுந்தரத்துக்கு மேடை வேண்டாம், மாலை வேண்டாம். எட்டுப் பெயரில் ஒரு பெயர், அதன்கீழே பொடி எழுத்தில் 'குரல்: மோகனசுந்தரம்'. அது போதும். அது இல்லையென்றால் தான் வாழ்ந்த ஒரு வருஷத்தை யாரோ கிழித்துப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

ராஜசேகருக்குப் போன் போட்டார். ராஜசேகர் இப்போது பாட்டு போர்டின் கமிட்டி மெம்பர்.

"விட்டுப்போயிருக்கும் மாப்ளே, கிளார்க்கு பண்ற வேலை. ஒரு அபேட்சை எழுதிக் குடு. நாந்தான் உள்ள இருக்கறனே" என்றார் ராஜசேகர்.

பாலக்காட்டில் பாட்டு போர்டின் வட்டார அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. மொழிச் சிறுபான்மையினர் அபேட்சையை, அதாவது மனுவை, தமிழிலேயே தரலாம் என்று தமிழில் ஒரு பலகை இருந்தது. அதை மலையாளத்தில் மாற்றி ஃபைலில் போட கௌசிக் என்று ஒரு தற்காலிக மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தார்கள். எம்.ஏ. வரலாறு படித்த பையன். மோகனசுந்தரம் நல்ல தமிழில் எழுத வேண்டுமென்று மெனக்கெட்டு, 'ஜோஸ் அவர்கள் சென்றதற்கும் திரும்பியதற்கும் நடுவே வெளிவந்த இடைக்கால ஆல்பத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தார். கௌசிக் மரியாதையாக வாங்கி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தான். அப்பாடா என்று மோகனசுந்தரம் கீழே இறங்கி வடையும் டீயும் சாப்பிட்டார்.

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் கைவசமுள்ள மத்தியகாலப் பாடல்கள் பற்றிய அபேட்சை கிடைக்கப்பெற்றது. அது தொல்பொருள் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளது. ஆய்வுக்கு அலுவலர்கள் வருவார்கள். அதுவரை பாடல்களை வெயிலில் வைக்க வேண்டாம்.'

"ஏனுங்க, மத்தியகாலம்னா என்னுங்க?" என்று கோமதி கேட்டாள்.

"மத்தியானமா இருக்கும் புள்ளே" என்றார் மோகனசுந்தரம். உச்சிவெயிலில் பிறந்த பாட்டு என்பது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவருக்கு உள்ளூர ஆச்சரியம்.

அலுவலர்கள் வந்தார்கள். சூப்ரண்டும் கௌசிக்கும். சூப்ரண்டு கையில் வெள்ளை உறை மாட்டியிருந்தார். கேசட்டை இரண்டு விரலால் எடுத்து ஒரு துணியில் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல கௌசிக் எழுதினான்: 'பொருள், கறுப்புப் பெட்டி. கண்கள், இரண்டு. உள்ளே பழுப்பு நிற நாடா, சுருள் வடிவம். ஓலை அல்ல. காலம், மத்தியகாலம், அபேட்சைதாரரின் சொந்த எழுத்துப்படி.'

"சார், அது கேசட்டுங்க" என்றார் மோகனசுந்தரம்.

"அறியாம் சாரே, தெரியும். என்டெ வீட்டிலும் உண்டு" என்றார் சூப்ரண்டு. "பக்ஷே தொல்பொருள் ஃபாரத்தில கேசட்டுக்குக் காலம் இல்ல."

எந்தக் காலத்தைச் சொல்கிறார் என்று மோகனசுந்தரத்துக்குப் புரியவில்லை. ஃபாரத்திலுள்ள கட்டத்தைச் சொல்லியிருக்கலாம், பொதுவாகவும் சொல்லியிருக்கலாம். அது முடிந்ததும் சூப்ரண்டு கிணற்றடிக்குப் போய், பாட்டு உற்பத்தியான இடம் என்று மோட்டாரைச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு கட்டினார். மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் அப்புறம் என்ன? மோட்டார் வாரியத்தின் ஆளுகைக்குப் போய்விட்டது. மறு உத்தரவு வரும்வரை யாரும் தொடக்கூடாது.

இரண்டு நாள் மோகனசுந்தரம் தொடாமல்தான் இருந்தார். சர்க்கார் சமாச்சாரம். மூன்றாம் நாள் காலை கோமதி அரிவாளோடு போய்க் கயிற்றை அறுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டாள்.

"சர்க்காரு கயிறு கட்டுனா தென்னம்பிள்ளைக்குத் தாகம் எடுக்காதாக்கும்?" என்றாள்.

மோகனசுந்தரம் மறுபடி பாலக்காட்டுக்கு ஓடினார். இந்தத் தடவை கௌசிக்கைத் தனியாகப் பிடித்தார்.

"தம்பி, இடைக்காலம்னு நான் எழுதுனது நடுவாப்புல கொஞ்ச நாளுங்கற அர்த்தத்துலங்க."

கௌசிக் முகம் சுண்டிப்போனது. "எங்க பாடத்துல இடைக்காலம்னா சோழருக்குப் பின்னாடி, வெள்ளைக்காரனுக்கு முன்னாடிங்க சார். அதான் மத்தியகாலம்னு மாத்துனேன்."

"மலையாளத்துலயும் இடக்காலம்னு ஒரு வார்த்தை இருக்குதல்லோ? அப்படியே வெச்சிருந்தா சரியா இருந்திருக்குமே கண்ணு?"

"இருந்திருக்குங்க சார்" என்றான் கௌசிக். "ஆனா இருக்கறத அப்படியே எழுதுனா, மொழிபெயர்ப்பாளர் எதுக்குன்னு கேப்பாங்க. எனக்கு அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்."

இதற்கு மேல் அவனிடம் என்ன கேட்பது? மோகனசுந்தரம் சூப்ரண்டிடம் போனார். சூப்ரண்டு கோபப்படவில்லை. டீ வரவழைத்து, நிதானமாக விளக்கினார்.

"தப்பைத் திருத்தணும்னா முதல்ல தப்பு நடந்ததுன்னு ஒரு ஆர்டர் வேணும் சாரே. சாதனை நடந்ததுன்னு ஆர்டர் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு. தப்பு நடந்ததுன்னு போட அதிகாரம் இல்ல. இந்த போர்டு தொடங்கிப் பன்னிரண்டு வர்ஷம். இதுவரை ஒரு தப்புகூட நடந்ததா ரெக்கார்டு இல்ல. அத நீங்க வந்து கெடுக்கணுமோ?"

"அப்ப வேற வழியே இல்லீங்களா?"

"உண்டு. பாட்டெழுதினவர் ஜீவனோட உண்டுன்னு ஒரு சாட்சிபத்திரம் கொண்டுவாங்க. எழுதினவர் ஜீவனோட இருந்தா அது மத்தியகாலம் ஆகாதல்லோ."

மோகனசுந்தரத்துக்கு உயிர் வந்தது. "நாந்தானுங்க எழுதுனது. உங்க முன்னாடி ஜீவனோட நிக்கறனே!"

"நீங்க ஜீவனோட உண்டு. அது காணாம்" என்றார் சூப்ரண்டு. "பாட்டெழுதினவர் உண்டோன்னுதான் கேள்வி."

மலையாளத்தில் காணாம் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது என்று பொருள். மோகனசுந்தரத்தின் தமிழ்க் காதில் அது காணோம் என்று விழுந்தது. பின்னால் யோசித்துப் பார்த்தால் காதுதான் சரியாகக் கேட்டிருக்கிறது.

வில்லேஜ் ஆபீஸில் மோகனசுந்தரம் உயிரோடிருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார்கள். மோகனசுந்தரம்தான் பாட்டெழுதினார் என்று எழுத மாட்டார்கள். வரியும் பட்டாவும்தான் அவர்கள் பார்க்கிற வேலை, பாட்டில்லை. அந்த உண்மையை வாரியம் ஏற்கிற மாதிரிச் சொல்லக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான் என்று சூப்ரண்டு விதியைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். சம்பவத்தை நேரில் அறிந்த கமிட்டி மெம்பர். அவர் பொதுச்சபையில் வாயால் சொன்னாலே போதும். காகிதம்கூட வேண்டாம்.

கேட்டதும் மோகனசுந்தரம் சிரித்துவிட்டார். இவ்வளவுதானா? நேரில் அறிந்த மெம்பர் ராஜசேகரைத் தவிர வேறு யார்? ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தோளில் கிடந்த துண்டைக் கண்டுபிடித்தவன் மாதிரி ஊருக்கு பஸ் ஏறினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜசேகர் காரில் வந்தார். தலைமுடியெல்லாம் வெள்ளை, பின்னால் சின்னக் குடுமி. கோமதி நாட்டுக்கோழிக் குழம்பும் கொள்ளுரசமும் வைத்திருந்தாள். பதினாலு மாதமும் அந்தச் சாளையில் மத்தியானச் சோறு அவள் கையால்தான் தின்றார் ராஜசேகர். கொள்ளுரசத்தை அன்றைக்குப் போலவே உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார்.

"தங்கச்சி கையில சாப்ட்டு எத்தன வருசமாச்சு! இந்த ருசி வேற எங்கயும் கெடைக்காது" என்றார். கோமதிக்கு முகம் பூத்துப்போயிற்று.

"அண்ணா, இவரு ஒரு மாசமா சரியாத் தூங்கறதே இல்லீங்க. நீங்கதான் பாத்துச் சொல்லோணும்."

"நான் சொல்லாம யார் சொல்லுவாங்க? அடுத்த மாசம் இருபத்தெட்டாந் தேதி டவுன் ஹால்ல சபை கூடுது. எந்திரிச்சு நின்னு ஒரே வார்த்தை. முடிஞ்சுது ஜோலி."

அப்புறம் கேசட்டைப் போடச் சொல்லிக் கேட்டார். ஐந்தாவது பாட்டை மூன்று தடவை கேட்டார். கேட்டுவிட்டு கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது என்று மோகனசுந்தரம் நினைத்தார். அவருக்கே கண் கலங்கியது.

"மாப்ளே, கமிட்டிக்கு இதக் காட்டணும். வேற காப்பி இருக்குதா?"

"இது ஒண்ணுதான்டா."

"அப்பக் குடு. பத்தரமா வெச்சிருக்கேன்."

மோகனசுந்தரம் கேசட்டை ஒரு துணிப்பையில் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அழைப்பிதழ் வந்தது. மோகனசுந்தரத்தின் பெயர் இருந்தது, எழுத்துப் பிழையில்லாமல். பெயருக்குக் கீழே 'தகவலாளி' என்று போட்டிருந்தார்கள். தகவல் சொல்லப்போவதால் அப்படிப் போட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டார். கோமதி அரக்குப் பட்டுச் சேலை உடுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் முதல் பஸ்ஸிலேயே போய், டவுன் ஹாலில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மேடையில் பெரிய தட்டி. 'இடைக்காலப் பாடல்கள். கண்டெடுத்தவர்: ராஜசேகர். குரல்: ஜோஸ். காலம்: ஏறத்தாழ நானூறு ஆண்டு.' மோகனசுந்தரம் மூன்று தடவை படித்தார். சபையில் ராஜசேகர் எழுந்து சொன்னதும் தட்டியை மாற்றுவார்கள் என்று கோமதியிடம் சொன்னார். தனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டார்.

முதலில் வாரியத்தின் தமிழ்ப் பிரிவு வல்லுநர் டாக்டர் ரத்தினசாமி பேசினார். வெள்ளை ஜிப்பா, கணீரென்ற குரல்.

"பெருமக்களே! இப்பாடல்களில் 'மோட்டாரு நின்னுபோச்சு' என்று ஓர் அடி வருகிறது. அறியாதவர்கள் இதை ஏதோ இயந்திரம் என்று நினைக்கலாம். மோடு என்றால் உயரம், மேடு. மோட்டார் என்றால் மேட்டிலே உறைபவர், அதாவது மலைமேல் இருக்கும் இறைவன்! இறைவன் அசையாமல் நின்றுவிட்டான். என் மனமோ நிற்கவில்லை! என்ன தத்துவம்! இன்னோர் இடத்தில், 'பொள்ளாச்சி பஸ்ஸு போயிருச்சு' என்கிறார் கவிஞர். பஸ்ஸு அல்ல, பசு! பதி, பசு, பாசம் என்கிறோமே, அந்தப் பசு. ஆன்மா போய்விட்டது என்கிறார். பொள்ளாச்சிக்கு ஏன் போனது என்பது ஆய்வுக்குரியது. அந்த ஆய்வுக்கு மூன்றாண்டு நல்கையை வாரியம் எனக்கே வழங்கியிருப்பதை நன்றியோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

சபை கை தட்டியது. மோகனசுந்தரம் அந்தப் பாட்டை எழுதியது, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுப் பொள்ளாச்சிச் சாலையில் நின்ற ஒரு சாயங்காலம். அந்த பஸ்ஸின் நம்பர்கூட இன்னும் நினைவிருக்கிறது.

"கோமதி என்பவள் யார்?" என்று தொடர்ந்தார் டாக்டர். "மானிடப் பெண்ணல்லள். சங்கரன்கோவில் கோமதியம்மையின் வழிபாடு கணவாய் தாண்டி இங்கே வந்ததற்கு இதுவே சான்று. கதவைத் திற என்று கோயில் நடை திறக்க மன்றாடுகிறான் பக்தன்!"

"ஏனுங்க, இந்தாளு என்னத்தப் பேசறாரு?" என்றாள் கோமதி. குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"பொறு புள்ளே. ராஜசேகர் எந்திரிக்கட்டும்."

ராஜசேகர் எழுந்தார். மைக்கைப் பிடித்தார். பார்வை இரண்டாவது வரிசைக்கு வந்தது; வந்த வேகத்திலேயே மூன்றாவது வரிசைக்குத் தாண்டிப் போய்விட்டது.

"பல வருசத்துக்கு முந்தி கெழக்க ஒரு தோட்டத்துச் சாளையில இந்தப் பாட்டுகளை நான் கேட்டேன். யார் கட்டினதுன்னு கேட்டேன். அங்க யாருக்கும் தெரியலை. நான் அதுல ரொம்ப சந்தோசப்பட்டேன். ஏன்னா, ஒருத்தர் எழுதின பாட்டு அந்த ஆளோட முடிஞ்சுபோகும். யாருமே எழுதாத பாட்டுத்தான் நாட்டோட சொத்து. எங்க குழுவுக்கு எப்பவும் ஒரே குரல்தான், அது ஜோஸ். அந்தக் குரல்லயே இந்தப் பொக்கிசத்தை உங்களுக்குக் குடுக்கறோம்."

மோகனசுந்தரத்துக்கு முதலில் வலிக்கவில்லை. முள் தைத்த கால் மாதிரி, இரண்டு எட்டு வைத்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஜோஸ் பாட ஆரம்பித்துவிட்டார். ஜோஸை நோவதற்கில்லை. மஸ்கட்டில் இருந்த ஆளுக்கு என்ன தெரியும்? பழைய பக்திப்பாட்டு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், பக்தியாகவே பாடினார். வயலின் இழைந்தது. 'கோமதீ' என்று அவர் இழுத்த இழுப்பில் முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். அது நல்ல பாட்டு என்பது மோகனசுந்தரத்துக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும் முன் கோமதி எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, நிறுத்துங்க சித்த. நாந்தானுங்க அந்தக் கோமதி."

சபை திரும்பிப் பார்த்தது.

"இவருதானுங்க பாடுனது, என்ற ஊட்டுக்காரரு. மோட்டாரு காயில் எரிஞ்சு போச்சுன்னு நாந்தானுங்க கதவச் சாத்துனேன். சாமியுமில்ல, கோயிலுமில்ல. அந்த அண்ணனைக் கேளுங்க. அவரு பக்கத்துலதான் நின்னாரு. போன மாசங்கூட வந்து எங்க ஊட்டுல சாப்ட்டாரு."

டாக்டர் ரத்தினசாமி கையைக் காட்டி அமைதிப்படுத்தினார். விதிமுறையை மீறுகிற மனிதர் அல்ல அவர். மெம்பரிடம் திரும்பிக் கேட்டார்: "இந்த அம்மையாரைத் தாங்கள் நேரில் அறிவீர்களா?"

இதுதான் அந்த ஒரே வார்த்தை. மோகனசுந்தரம் ராஜசேகரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கோழிக்குழம்பு தின்ற வாய். தங்கச்சி என்று கூப்பிட்ட வாய். எவ்வளவு பெரிய ஆபீஸானாலும் சகித்துக்கொள்ளலாம். அது அறியாமல் செய்வது. இவன் அறிவான்.

ராஜசேகர் கோமதியைப் பார்த்தார். ரொம்ப யோசிக்கவில்லை.

"பாத்ததா ஞாபகம் இல்லைங்க. அந்தப் பக்கத்து ஜனங்களா இருக்கும். பாவம், பாட்டு மேல அவ்வளவு பக்தி."

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறார் மோகனசுந்தரம். அது ஒரு மனிதன் முகத்தில் இவ்வளவு சாதுவாக உட்கார்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கத்த வேண்டும் போலிருந்தது. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் ரத்தினசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டீர்களா பெருமக்களே! நானூறு ஆண்டு கழித்தும் இந்த மண்ணிலே ஒரு பெண் தன்னையே கோமதி என்று நம்புகிறாள்! வழிபாடு இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" கைதட்டல் கூரையைப் பிளந்தது. இரண்டு போட்டோக்காரர்கள் ஓடிவந்து கோமதியைப் படம் எடுத்தார்கள். யாரோ ஒரு பெண்மணி வந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கௌசிக் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோமதி உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அழுது மோகனசுந்தரம் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார்; இது மூன்றாவது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பாடு போட்டதக்கூட இல்லைன்னுட்டாருங்க" என்றாள். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நிகழ்ச்சி நிரலில் ஒன்று மிச்சமிருந்தது. சூப்ரண்டு மைக்கின் முன் வந்து காகிதத்தைப் பார்த்துப் படித்தார். இந்த அரிய பாடல்களை நமக்கு விட்டுச்சென்ற, பெயர் தெரியாத, மறைந்த அந்த மகாகவிக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்த வேண்டும்.

நாற்காலிகள் நகர்ந்தன. சபை முழுதும் எழுந்து தலை குனிந்தது. ஃபேன் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மோகனசுந்தரமும் கோமதியும் மட்டும் எழுந்திருக்கவில்லை. சட்டையில் பேட்ஜ் குத்திய ஊழியர் ஒருவர் குனிந்து, காதோரம் வந்து, "எந்திரிங்க ஐயா, இறந்தவருக்கு மரியாதை" என்று கிசுகிசுத்தார்.

"அந்த மரியாதை எனக்குத்தானுங்க" என்றார் மோகனசுந்தரம். "நான் உக்காந்துட்டே வாங்கிக்கறனுங்க."

சொன்னது மேடைவரைக்கும் கேட்டிருக்கும். அந்த ஒரு நிமிடம் முடிகிறவரை ராஜசேகர் கண்ணைத் திறக்கவில்லை.